பழைய எண், புதிய எண்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு எண் இருக்கிறது. சுவரில் பெயிண்டில் எழுதியிருப்பது பழையது, தகரத்தில் அடித்திருப்பது புதியது. மாநகராட்சி புது எண் கொடுத்த பிறகும் சென்னையில் யாரும் பழையதைக் கைவிடவில்லை. ஈ.பி. கார்டில் ஒன்று இருக்கும், ரேஷன் கார்டில் இன்னொன்று இருக்கும். எதற்கு வம்பு என்று 12/27 எனச் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதிவிடுவோம். எது முதலில் வரவேண்டும் என்பது மட்டும் எழுதுகிறவர் மனசுக்கே வெளிச்சம்.

இந்தச் சாய்கோட்டால் போன கோடையில் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது.

என் மனைவியின் தம்பி தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறான். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து நோட்டில் தெருவாரியாகப் பிரித்து எழுதுவான். அப்புறம்தான் குட்டி யானை, அதான் அவனுடைய சின்ன சரக்கு வண்டி, கிளம்பும். ஒருநாள் அந்த நோட்டைத் தூக்கி என் மடியில் போட்டான். "இன்னா மாமா, ஆபீஸ்ல பெரிய பெரிய வேலைலாம் பண்றீங்க, இத்த ஒரு லிஸ்ட்டா போட்டுக் குடுக்க மாட்டீங்களா?"

வந்த செய்திகள் இந்த மாதிரி:

அண்ணா 2 கேன் 14/31 வ.உ.சி. நகர் 3வது தெரு மாடி
பிளாக் 7 டோர் 112, 1 கேன், காலி கேன் 2 இருக்கு
3 கேன் எண்ணூர் ஹைரோடு பங்க் எதிர் சந்து டீக்கடை பக்கத்து வீடு

முதலில் ரெஜெக்ஸில், அதாவது எழுத்துக் கோலத்தைத் தேடும் ஒற்றை வரிக் குறிகளில், எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். ஒரு வாரம் ஓடியது. பிறகு "3வது தெரு"வில் இருக்கும் 3 கேன் எண்ணிக்கையாகப் போனது. அதற்கு ஒரு ஒட்டு, "வ.உ.சி."யின் புள்ளிக்கு ஒரு ஒட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டு. கடைசியில் அந்த ஒற்றை வரி திரையின் வலப்பக்கம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. அழித்துவிட்டு பார்சர் காம்பினேட்டருக்கு வந்தேன். மச்சானிடம் சொன்னபோது, "பார்சலா?" என்றான். கடைசிவரை அவனுக்கு அது பார்சல்தான்.

விஷயம் எளிமையானது. பார்சர் என்பது ஒரு ஃபங்ஷன். எழுத்துகளின் வரிசை ஒன்றைக் கொடுத்தால் முன்பக்கத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எடுத்தது என்ன, மிச்சம் என்ன என்று இரண்டையும் திருப்பித் தரும். வேண்டியது முன்னால் இல்லை என்றால் கையை விரிக்கும். காம்பினேட்டர் என்பது இப்படிப்பட்ட இரண்டு மூன்று பார்சர்களை வாங்கி இன்னொரு பார்சராகத் தைத்துக் கொடுக்கும் ஃபங்ஷன். ஒன்றன்பின் ஒன்று, இது அல்லது அது, இருந்தால் எடு, எத்தனை முறை வந்தாலும் எடு. இந்த நாலு தையல் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பைதானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வைத்தேன். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இங்கே குறிகளை எடுத்துவிட்டு வார்த்தையாகத் தருகிறேன்:

கதவெண் = எண் பிறகு இருந்தால்( சாய்கோடு பிறகு எண் )
முகவரி = கதவெண் பிறகு தெரு பிறகு இருந்தால்( பகுதி )
ஆர்டர் = கேன்_கணக்கு பிறகு முகவரி

எண்ணுக்கு ஒரு முறை எழுதியதைக் கதவெண்ணிலும் கேன் கணக்கிலும் பின்கோடிலும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பார்சர் இங்கே ஒரு சாதாரண மதிப்பு. மாறியில் போடலாம், லிஸ்ட்டில் போடலாம், இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பலாம்.

1970களில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக் வேறு ஜாதி. அதில் இலக்கணத்தை, அதாவது எதன்பின் எது வரலாம் என்ற விதிகளை, தனிக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் அது பார்சரைச் சி மொழி நிரலாக உமிழும். உமிழ்ந்த நிரல் படுவேகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாக் ஏற்றுக்கொண்ட இரண்டு இலக்கணங்களை ஒன்றாகச் சேர்த்தால், சேர்ந்ததையும் அது ஏற்கும் என்று உறுதி கிடையாது. தனித்தனியாக ஒழுங்காக இருந்தவை ஒரே வீட்டுக்குக் குடிவந்ததும் அடுத்த சொல்லை எந்த விதியில் சேர்ப்பது என்று மோதிக்கொள்ளும். காம்பினேட்டரில் அந்த வகை மோதல் இல்லை. வேறு வகை உண்டு, வருகிறேன்.

1985இல் பிலிப் வாட்லர் ஒரு யோசனையை எழுதினார். பார்சர் ஒரே விடையைத் தராமல், சாத்தியமான எல்லா விடைகளையும் பட்டியலாகத் தரட்டும், பட்டியல் காலியாக இருந்தால் அதுதான் தோல்வி என்றார். 1996இல் கிரஹாம் ஹட்டனும் எரிக் மெய்யரும் இந்த வழியை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். 2001இல் டான் லெய்யனும் மெய்யரும் ஹாஸ்கெல் மொழிக்கான பார்செக் என்ற காம்பினேட்டர் நூலகத்தைப் பற்றி எழுதினார்கள். இன்று எந்த மொழியில் காம்பினேட்டர் நூலகத்தைத் திறந்தாலும் அதன் சாயல் தெரியும். வேகத்துக்காகவும் தெளிவான பிழைச்செய்திக்காகவும் பார்செக் பட்டியலைக் கைவிட்டு ஒரே விடைக்குத் திரும்பிவிட்டது. எனக்கோ 12/27க்கு வாட்லரின் பட்டியல்தான் கைகொடுத்தது. பழையது முன்னால் என்று ஒரு விடை, புதியது முன்னால் என்று இன்னொரு விடை. இரண்டையும் தந்துவிட்டு, மச்சானின் வாடிக்கையாளர் நோட்டில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்தால் மட்டுமே தெரிகிற விஷயத்தை இலக்கணத்தால் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது வாரம் குட்டி யானை எண்ணூருக்குப் பக்கத்தில் எர்ணாவூர் வரைக்கும் போய்விட்டது.

"மாமா, உங்க பார்சல் எண்ணூருக்குப் போய்ட்டுக்கீது" என்று போன். வண்டியில் மூன்று கேன். வாடிக்கையாளர் வீடு இருப்பது தண்டையார்பேட்டையில், எண்ணூர் நெடுஞ்சாலையில். கதவெண் இல்லாத செய்திக்கு நான் எழுதியிருந்த விதி: இடம் = பகுதி அல்லது தெரு. பகுதிப் பட்டியலில் எண்ணூர் இருந்தது. "எண்ணூர் ஹைரோடு" என்று வந்ததும் பகுதி பார்சர் முதல் சொல்லைக் கவ்விக்கொண்டு "கிடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டது. தெரு பார்சருக்கு வாய்ப்பே வரவில்லை. வடசென்னையில் இது ஒரு தொல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை பழைய வண்ணாரப்பேட்டையிலேயே தொடங்கிவிடும். மணலி வேறு, மணலி புதுநகர் வேறு. சாலைகளுக்குப் போய்ச்சேரும் ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள், பாவம் பார்சர் என்ன செய்யும்.

இதுதான் நான் சொன்ன வேறு வகை மோதல். பாடப்புத்தக இலக்கணத்தில் 'இது அல்லது அது' என்றால் வரிசை பொருட்டே இல்லை. காம்பினேட்டரில் பெரும்பாலும் 'முதலில் இது, இது தோற்றால் மட்டும் அது' என்றுதான் பொருள். 2004இல் பிரையன் ஃபோர்டு இந்த வரிசைத் தேர்வையே அடிப்படையாக வைத்து ஒரு தனி இலக்கண வகையை வரையறுத்தார். நீளமானதை முன்னால் வை என்பது நடைமுறை விதி. தெருவைப் பகுதிக்கு முன்னால் நகர்த்தினேன், சரியாகிவிட்டது. பார்செக் வழிவந்த நூலகங்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. முதல் கிளை கொஞ்சம் எழுத்தைத் தின்றுவிட்டுத் தோற்றால் இரண்டாவது கிளைக்குப் போகவே போகாது. 'முயன்று பார், தோற்றால் தின்றதைத் திருப்பி வை' என்று நாம் தனியாகச் சொல்லவேண்டும். இதில் தடுக்கி விழாதவரை நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே என் மகள், பத்தாம் வகுப்பு, தமிழ் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அலகிட்டு, அதாவது சீரை அசையசையாகப் பிரித்து, வாய்பாடு எழுத வேண்டும். செய்யுளில் சலிப்புத் தட்டி ஊர்ப்பெயர்களை அலகிட ஆரம்பித்தாள். மண/லி, நிரை நேர், புளிமா. எண்/ணூர், தேமா. ரா/யபு/ரம், நேர் நிரை நேர், கூவிளங்காய். மாதவரமும் கூவிளங்காய்தான். திரு/வொற்/றியூர், புளிமாங்கனி. கா/சிமே/டு, அதுவும் கூவிளங்காய். மீன் ஏலம் போடுகிற இடத்துக்குக் காய் என்று பெயர் வந்ததில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நிரை என்பது இருகுறில் அல்லது குறில்நெடில், பின்னால் ஒற்று இருந்தால் அதுவும் சேரும். நேர் என்பது தனிக்குறில் அல்லது தனிநெடில், அங்கேயும் ஒற்று இருந்தால் சேரும். அசை = நிரை அல்லது நேர். வரிசையை மாற்றி நேரை முன்னால் வைத்தால் ம/ண/லி என்று மூன்று நேராக உடைந்து, புளிமா தேமாங்காய் ஆகிவிடும். எர்ணாவூருக்குப் போன குட்டி யானையின் தவறும் இதே தவறுதான். பள்ளியில் எங்களுக்கு யாப்பு நடத்திய ஐயா "ரெண்டு எழுத்து சேருமான்னு முதல்ல பாருடா" என்று மண்டையில் தட்டியதை வரிசைத் தேர்வு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் அங்கே கிடைத்தது. எழுத்தால் அசை, அசையால் சீர், சீரால் அடி. அசைக்குத் தான் எந்தச் சீரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. சீருக்குத் தான் வெண்பாவில் இருக்கிறோமா ஆசிரியப்பாவில் இருக்கிறோமா என்று தெரியாது. மா முன் நிரை வந்தால் வெண்டளை, மா முன் நேர் வந்தால் ஆசிரியத்தளை. அந்தத் தீர்ப்பைச் சீருக்குள் வைக்காமல், இரண்டு சீருக்கு நடுவில், தளை என்று தனி உறுப்பாக வைத்திருக்கிறார்கள். வெண்டளை விதியைச் சீரின் வரையறைக்குள்ளேயே திணித்திருந்தால் அந்தச் சீரை ஆசிரியப்பாவுக்கு எடுத்திருக்க முடியாது. ஒவ்வொரு பாவுக்கும் தேமா புளிமாவிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

என் முகவரி இலக்கணத்தில் நான் திணித்து வைத்திருந்தது அதைத்தான். தெரிய வர ஒரு மாதம் ஆனது.

அதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. அடையாளம் சொல்லும் பகுதிக்கு விதி எழுத உட்கார்ந்தேன். 'பங்க் எதிர் சந்து டீக்கடை பக்கத்து வீடு'. இதைத் தமிழில் யோசித்தால் விதி தானாக வரும்: அடையாளம் என்பது, ஒரு அடையாளம், அதன் பின் 'எதிர்' அல்லது 'பக்கத்து', அதன் பின் ஒரு இடம். பங்குக்கு எதிர் சந்து, அந்தச் சந்தின் டீக்கடை, அந்த டீக்கடைக்குப் பக்கத்து வீடு. நம் மொழியில் தலை கடைசியில்தான் வரும், விளக்கம் எல்லாம் இடப்பக்கம் குவியும். எழுதி ஓட்டினேன். பைதான் ஆயிரம் படி இறங்கிவிட்டு மூச்சு வாங்கி நின்றது. அடையாளத்தைத் தேட முதலில் அடையாளத்தைத் தேடு, அதற்கு முதலில் அடையாளத்தைத் தேடு. ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இடப்பக்கத் தற்சுழற்சி என்கிற பழைய நோய். யாக் இதை அலட்டிக்கொள்ளாமல் ஏற்கும், சாதாரணக் காம்பினேட்டரால் முடியாது. மருந்து தெரிந்ததுதான்: முதலில் ஒரு இடத்தை எடு, அப்புறம் 'உறவுச்சொல், இடம்' என்ற ஜோடியை எத்தனை முறை வந்தாலும் எடு, எடுத்ததை இடமிருந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே வா. விடை அதேதான், ஏறும் வழி மட்டும் வேறு.

சரி, திணித்த கதைக்கு வருகிறேன். தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் என் பள்ளித்தோழன் வேலை பார்க்கிறான். துறைமுகத்திலிருந்து வெளியே வரும் சரக்கை எந்த குடோனுக்கு அனுப்பவேண்டும் என்று வரும் மெயில்களைப் பிரிக்க அவனுக்கும் ஒரு நிரல் வேண்டும். "அட, முகவரி பார்சர் ரெடியா இருக்குடா" என்று பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன்.

கண்டெய்னர் எண் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. ஆபீஸில் அந்த இலக்கத்தைத் தனியாகக் காட்ட 305438/3 என்று சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் இருந்தது.

என் நிரல் அதைப் பார்த்துப் பழைய எண் 305438, புதிய எண் 3 என்று சொன்னது.

தோழன் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "டேய், அவ்ளோ பெரிய தெரு எங்கடா இருக்கு?"

உட்கார்ந்து பார்த்தேன். முகவரி விதிக்குள்ளேயே நான் மூன்று காரியம் செய்திருந்தேன். கதவெண் கிடைக்கும்வரை முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டுப் போ, வரி முடியும்வரை மிச்சத்தையெல்லாம் தின்றுவிடு, கிடைத்ததை நேராக மச்சானின் சீட்டில் அச்சடிக்கிற மாதிரி வாக்கியமாக்கு. மூன்றும் தண்ணீர் கேன் செய்திக்குச் சரி. முழுச் செய்தியும் என்னுடையதுதான் என்ற நினைப்பில் அந்த விதி வாழ்ந்திருக்கிறது. மெயிலில் அது நாலில் ஒரு பங்கு. பக்கத்தில் கண்டெய்னர் எண், போன் எண், தேதி என்று வேறு குடித்தனங்களும் உண்டு.

பிரித்து எடுக்க இரண்டு ராத்திரி ஆனது. முன்னால் தள்ளுவதும் வரிமுடிவும் வெளியே, உச்சியில் இருக்கும் ஆர்டருக்குப் போயின. இடைவெளியை யார் தின்பது என்பதில் ஒரே ஒழுங்கு: ஒவ்வொரு சொல் பார்சரும் தனக்குப் பின்னால் வரும் இடைவெளியைத் தின்னும், முன்னால் இருப்பதைத் தொடாது. சீட்டு வாக்கியம் தனி ஃபங்ஷன் ஆனது. முகவரி இப்போது வெறும் பாகங்களைத்தான் தரும். கண்டெய்னரின் 11ஆல் வகுக்கும் கணக்கையும் நான் இலக்கணத்துக்குள் விடவில்லை. உள்ளே வைத்தால், ஒரு இலக்கம் தவறாகத் தட்டச்சு ஆனாலும் பார்சர் 'இங்கே கண்டெய்னர் எண்ணே இல்லை' என்று சாதிக்கும். வெளியே வைத்தால் 'எண் இருக்கிறது, கணக்கு உதைக்கிறது' என்று சொல்லலாம். ஆபீஸில் வேண்டியது இரண்டாவது. உருவத்தைப் பார்க்கிறவரும் உண்மையைப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது என் கட்சி. மாற்றுக்கட்சிக்காரர்கள் உண்டு.

இதற்குப் பிறகும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. ஹவுசிங் போர்டு முகவரிகளுக்குக் கதவெண் வேறு மாதிரி: பிளாக் 7 டோர் 112. கதவெண் என்ற பெயருக்குப் புது விதி எழுதினேன், முகவரி கண்டுகொள்ளவே இல்லை. காரணம், முகவரியைத் தைக்கும்போதே பழைய கதவெண்ணை உள்ளே வைத்துத் தைத்தாகிவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே குடியிருக்கிற ஆள் மாறமாட்டார். அதனால் விதிகளை எல்லாம் ஒரு கிளாஸுக்குள், அதாவது ஒன்றாகக் கட்டி வைக்கும் நிரல் பெட்டிக்குள், போட்டு, ஒரு விதி இன்னொன்றை நேராகப் பிடித்துக்கொள்ளாமல் 'இந்த இலக்கணத்தில் கதவெண் யார்?' என்று ஓடும்போது கேட்கும்படி மாற்றினேன்.

கிளாஸ் முகவரி_இலக்கணம்
  கதவெண் = எண் பிறகு இருந்தால்( சாய்கோடு பிறகு எண் )
  முகவரி = தன்.கதவெண் பிறகு தன்.தெரு பிறகு இருந்தால்( தன்.பகுதி )

கிளாஸ் வாரிய_இலக்கணம், முகவரி_இலக்கணத்தின் பிள்ளை
  கதவெண் = ( பிளாக் பிறகு எண் பிறகு டோர் பிறகு எண் ) அல்லது தாய்.கதவெண்
  தெரு = இருந்தால்( தாய்.தெரு )

தாயின் விதிகள் பிள்ளைக்கும் வந்துவிடும், மாறவேண்டியதை மட்டும் எழுதினால் போதும். அதனால் பிள்ளையில் இரண்டே வரி. இரண்டாவது வரி எதற்கென்றால், போர்டில் இருப்பவர்கள் தெருப்பெயரே எழுத மாட்டார்கள். முகவரியைத் தொடவே இல்லை, அது புதுக் கதவெண்ணைத் தானே கேட்டு எடுத்துக்கொள்கிறது. தோழனின் ஆபீஸுக்கு இன்னொரு பிள்ளை. அதில் பகுதிக்குப் பதில் பின்கோடு கட்டாயம்: ராயபுரம் 13, பழைய வண்ணாரப்பேட்டை 21, தண்டையார்பேட்டை 81. இந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் நாம் வாயால் சொல்கிறோம், 'சென்னை இருபத்தொண்ணு' என்று. அதையும் ஏற்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் அடியில் எழுத்து இருக்கிறது. கொருக்குப்பேட்டையும் கொடுங்கையூரும் சில செய்திகளில் மட்டும் அகப்படாமல் போயின. கண்ணுக்கு எல்லாச் செய்தியிலும் அதே எழுத்துதான். ஆனால் 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். உள்ளே வரும் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற விதிகள் பிழைத்தன. அந்த எழுத்து அடுக்கை அப்படியே எடுத்து மகளுக்கு ஓர் அலகிடும் நிரல் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

போன வாரம் மச்சான் ஒரு செய்தியை அனுப்பினான், கீழே சிரிப்புப் பொம்மை வேறு. "அண்ணா நேத்து போட்ட அதே வூட்டுக்கு இன்னும் 1." முகவரியும் இல்லை, கதவெண்ணும் இல்லை. என் நிரல் கையை விரித்துவிட்டது. விதியில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அவனுக்குப் போன் போட்டேன்.

"அது யார் வீடுடா?"

"கேன் போட்டுட்டு வந்துட்டேன் மாமா" என்றான்.